என் பேருக்கு அர்ச்சனை

எனக்கு ரெண்டு வருஷமா மனசுக்கு மாத்திரை. ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. ஆள் இல்லாதப்போ காதுல குரல் கேட்டுச்சு, ஒருவாட்டி தண்டவாளத்துல போய் நின்னுகினு இருந்தேன், என் ஊட்டுக்காரர் சக்திவேல்தான் இழுத்துகினு வந்தார். இல்லன்னு சொல்லல. மாத்திரை போட்டதும் குரல் நின்னுபோச்சு. ஆனா நாக்கு தடிச்சுப்போச்சு, வாயில எச்சில் ஒழுவுது, எம்பொண்ணு புவனாவுக்கு ஜடை பின்னக்கூட கை நிக்கல. பள்ளிப்பட்டுலேர்ந்து வர்ற மாமியார் அதைப் பார்த்துட்டு, "புள்ளையை எங்கிட்ட உட்டுடு வரலட்சுமி, நான் வளக்கறேன்"னு வாய்க்கு வாய் சொல்லும்.

"டாக்டராண்ட போயி குறைக்கச் சொல்லலாம் பாவா"ன்னு அவரைக் கெஞ்சினேன். "ஆங், போலாம், போலாம்"னாரே ஒழிய கூட்டிகினு போவல. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன்.

அவருக்கு முருகன் கோயில் மலையடிவாரத்துல தேங்கா, பூ, அர்ச்சனைத் தட்டு விக்கிற கடை. நான் நிறுத்தினது தெரிஞ்சும் சண்டை போடல. அப்புறம் தினமும் கடையை மூடிட்டு வரும்போது தொன்னையில பஞ்சாமிர்தம் கொண்டாருவார். "உன் பேருக்கு அர்ச்சனை பண்ணேன். நீயே முழுசா சாப்புடு, யாருக்கும் தராத." வீட்டுல சமையல் என் கையிதான். என் கை படாம என் வாய்க்குள்ள போறது அது ஒண்ணுதான். எனக்காக இந்த மனுசன் தினம் மலை ஏறுறாரேன்னு கண்ணு கலங்கி வாங்கித் துன்னேன்.

கொஞ்ச நாள்ல மறுபடி நாக்கு தடிச்சுது. மாத்திரைதான் போடலியே, அப்போ நோய்தான் திரும்புதுன்னு பயந்து, முருகா முருகான்னு இன்னும் பக்தியா ரெண்டு கையும் நீட்டினேன். அறிவு கெட்டவ.

கிருத்திகை அன்னிக்கு புவனா பக்கத்துல வந்து நின்னா. "எனக்கும்மா." பிரசாதத்தை எவளாவது தனியா துன்னுவாளா, அதுவும் பெத்த புள்ள வாயைப் பார்த்துகினு நிக்கறப்போ? பாதிக்கு மேல அவ கையில வெச்சேன்.

பாடம் எழுதிகினு இருந்தவளுக்குக் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கண்ணு மேல சொருகிச்சு. "அம்மா, திரும்பமாட்டேங்குது"ன்னு கத்தறா. ஆட்டோவுல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பார்த்ததும், "குழந்தைக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. கிருத்திகைக்கு வந்திருந்த மாமியார் மாருல அடிச்சுகினு, "இந்தப் பைத்தியக்காரி அவ மாத்திரையைக் குடுத்துட்டாம்மா!"ன்னுச்சு. "பிரசாதம்தான் குடுத்தேன், சாமி சத்தியமா"ன்னு அழுதேன். ஒருத்தர் மூஞ்சிலயும் நம்பிக்கை இல்ல. "இனிமே புள்ள உன்னாண்ட இருக்காது"ன்னுச்சு மாமியார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

பாவி, எவ்ளோ நேரம் பார்த்தார் அந்தத் தரையை!

அப்புறம் வாய் தொறந்தார். "இவ மாத்திரைக்குப் பதிலா சொட்டு மருந்து. மருந்துக்கடையில ருசி தெரியாதுன்னாங்க. இவளுக்குன்னுதான் பஞ்சாமிர்தத்துல கலந்தேன்."

ஊசி போட்டதும் புள்ள கழுத்து நேராச்சு. டாக்டரம்மா அவரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. "இவங்க தெளிவா பேசறாங்க. இவங்க சம்மதம் கேக்காம மருந்து குடுக்க நீங்க யாரு? சட்டமே ஒத்துக்காது. ஒரு மருந்து சேரலன்னா வேற தர நாங்க இல்லையா?"

வெளிய வந்து என் கையைப் புடிச்சுகினு அழுதார். "மறுபடி தண்டவாளத்துக்குப் போயிடுவியோன்னு பயந்துட்டேன் வரூ." அது நெசம்தான். அதனாலதான் என்னால மனசார திட்டக்கூட முடியல. ஆனா ஒரே ஒருவாட்டி என்னைக் கேட்டிருக்கலாமே பாவா.

இப்ப வேற மாத்திரை. நானே எடுத்துப் போட்டுக்கறேன். கை நடுங்கல. ஜடை நல்லா பின்றேன். புள்ளையும் எங்கிட்டதான் இருக்கா.

நேத்து பருப்பு சாதத்துல நெய் ஊத்திப் பிசைஞ்சு, ஒரு உருண்டை புவனாவுக்கு நீட்டினேன்.

"நீ மொதல்ல துன்னும்மா"ன்னா.

துன்னேன். அவ வாயைத் தொறக்கல. என் கழுத்தையே பார்த்துகினு உக்காந்திருந்தா.