அப்பா கூட்டிய நான்கு வயது

முயல் தாவியதைப் பார்த்ததும் நவமணிக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. 1988இல், மலேசியாவின் ஈப்போவில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் முயல் கூண்டு கழுவுவதுதான் அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன் இதே முயலின் முட்டிக் குருத்தெலும்பில் ஓட்டை போட்டு, கால் எலும்பின் மேலிருந்த மெல்லிய சவ்வை உரித்து அங்கே வைத்துத் தைத்தார் டாக்டர் ஜெயபாலன். இன்றைக்கு அது என்னமாய்க் குதிக்கிறது! அவளோ வாளியைத் தூக்கவும் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாழாய்ப்போன முட்டி.

அடுத்து மனிதர்களுக்குச் செய்யப்போகிறாராம். ஆறே பேர், நாற்பத்தைந்து வயதுக்குள்.

ஊர் ஓரம் சிலிபினில் இருந்த வீட்டில் அவள் புருஷன் சின்னையா தரையில் பாய் விரித்துத்தான் படுப்பான். லாரியிலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டதிலிருந்து வேறெங்கும் அவனுக்குத் தூக்கம் வராது. தரையில் உட்கார்ந்தால் நவமணியால் எழ முடியாது. அதனால் ஒரு வருஷமாக அவளுக்கு ஒற்றை ஆள் படுக்கும் பலகைக் கட்டில்தான். இருபத்தாறு வருஷம் அவன் தோளில் தலை வைத்துத் தூங்கியவள். ஏக்கமாக இருந்தது, வெட்கமே இல்லாமல் ஏக்கமாக இருந்தது.

“எனக்கும் அப்படித் தைச்சு விடுங்க டாக்டர்,” என்று முயல் கூண்டுப் பக்கம் வந்தவரிடம் கேட்டேவிட்டாள்.

“கார்டுல நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கேம்மா.”

“அது எங்கப்பா சொன்ன வயசு. ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவ நானு. எட்டு வயசுல பன்னெண்டுன்னு சொல்லி கங்காணிகிட்ட பேரு குடுத்துட்டாரு. நெசமா நாப்பத்து நாலுதான்.”

ரப்பர் தோட்டத்தில் இதெல்லாம் ஒரு அதிசயமா? பால் வெட்டப் பேர் பதிய வயது போதாவிட்டால் கூட்டிச் சொல்வார்கள். அதுவே பிறகு அடையாளக் கார்டிலும் ஏறிவிடும்.

“நான் நம்புறேம்மா. ஆனா கார்டுல உள்ளதத்தான் எழுத முடியும். இது நல்லபடியா வந்தா, பொறவு எல்லாருக்கும் செய்யலாம்.”

“எப்ப?”

“பத்து வருஷம். பதினஞ்சும் ஆகலாம்.”

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பாயில் கிடந்த சின்னையா கேட்டான். “என்னா சொன்னாரு?”

“வயசாயிருச்சாம்லா எனக்கு.”

“ஒனக்கா? சட்டையில்லாம பால்வாளி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சத நான்ல பாத்தேன்!”

அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் இன்னும் இறங்கவில்லை. பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே சரிந்தாள். முட்டி இரண்டும் உயிரை எடுத்தன.

“ஏய், எப்படி எந்திரிப்ப?”

“காலையில பாத்துக்கலாம்லா. தள்ளிப் படுங்க.”

அவன் தலையணையில் பாதியை விட்டுக்கொடுத்தான். மேலே, பலகையில், மடித்த போர்வை மட்டும் கிடந்தது.