வலது பக்க ஸ்டீயரிங்

"நான் வர்ற வரைக்கும் இதைத் தொடக் கூடாது, டோரதி."

"தொட்டா?"

"ஒரு துண்டு தொலைஞ்சாலும் காரே போச்சு."

"நீங்க வர்றதுக்குள்ள அது துருப்பிடிச்சுடும்."

"பிளாஸ்டிக்மா. துருப்பிடிக்காது."

"அப்போ எனக்குத்தான் பிடிக்கும்."

போன லீவின் கடைசி நாளில் அவள் கணவன் மரியராஜ் இதற்குச் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடி பீரோ மேல் வைத்தான். டோரதியும் சிரித்தாள். அவன் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் பதினாறு மாதமாகிறது. அவள் தனியாகத் தட்டைப் போட்டு உட்காரும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பெட்டிக்குள் இருப்பது ஒரு சாண் நீள ஃபெராரி பொம்மைக் கார், அறுபதுகளில் வந்த மாடல். துண்டு துண்டாக வருவதை ஒட்டிச் சேர்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவனுக்கு முப்பது நாள் லீவு. முதல் லீவில் கொண்டுவந்து இன்ஜினை முடித்தான். அடுத்ததில் சக்கரங்கள். மூன்றாவதில் பாடிக்குச் சிவப்பு அடித்துக் காய வைத்ததோடு சரி. விருந்துக்கும், பாலாறு எல்லை தாண்டிச் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய்வந்ததில் நாள் ஓடிவிட்டது. சீட்டும் ஸ்டீயரிங்கும் அடுத்த லீவுக்கு.

இந்தப் புதன்கிழமை அவனிடமிருந்து கடிதம் வந்தது. 'செப்டம்பரோடு காண்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது உன் முடிவைச் சொல்.'

இதற்கு முன் மூன்று முறை கேட்டிருக்கிறான். மூன்று முறையும் "உங்க இஷ்டம்" என்றிருக்கிறாள். வேறு என்ன சொல்வது? அவள் மாடியில் வாடகைக்கு இருந்தாள்; போன் கீழே, வீட்டுக்காரம்மா ரங்கம்மாவின் கூடத்தில் இருந்தது. அங்கே நாலு பேர் முன்னால் நின்றுகொண்டு, சாப்பிட்டீங்களா, மழையா, வெயிலா என்பதைத் தாண்டி அவளுக்குப் பேச வராது. கடிதத்தில் எழுதலாம்தான். முன்பு எழுதிய இரண்டையும் அவளே கிழித்துப் போட்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆஃப். கடிதத்தை மடித்து வைத்தவள், ஏன் என்று தெரியாமலேயே ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினாள். கட்டுப் பிரிக்கும் பழைய ஃபோர்செப்ஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. அதால் துண்டுகளை எடுத்தாள். வார்டில் இருபது பேரைப் பார்க்கிற நர்ஸின் கை. சீட்டுகள் உட்கார்ந்தன. ஸ்டீயரிங்கை ஒட்டி, பசை காயும்வரை மெல்ல ஊதினாள். மண்டி மொஹல்லாத் தெருவின் ஆட்டோச் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் படத்தாளைப் பார்த்தாள். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கமும் வைக்கலாம் என்று இரண்டு படங்கள். இடது பக்கப் படத்தில் மரியராஜ் பென்சிலால் டிக் அடித்திருந்தான். அவள் ஒட்டியதோ வலது பக்கம். பிறந்ததிலிருந்து பார்த்த பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் டிரைவர் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார். பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கீழேயிருந்து ரங்கம்மாவின் கன்னடம் கலந்த குரல் வந்தது.

"டோரதி, பேக வாம்மா, சீக்கிரம். உன் யஜமானரு போனு."

கூடத்தில் ரங்கம்மாவும் அவர் தங்கையும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். ரங்கம்மா ரிசீவரை நீட்டிக்கொண்டே, "கிறிஸ்மஸ் முடிஞ்சு மூணு வாரம். மாடியில நட்சத்திரம் இன்னும் தொங்குது. உன் யஜமானரு வந்துதான் எறக்கோதா?" என்றார். தங்கை சிரித்தாள்.

"என்ன அங்க சிரிப்பு? லெட்டர் வந்துச்சா?" மரியராஜின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வந்துச்சு. ஏங்க, காரைத் தொட்டுட்டேன்."

"எந்தக் காரை?"

"நமக்கு எத்தனை கார் இருக்கு? சீட்டு ஒட்டிட்டேன். ஸ்டீயரிங்கும் ஒட்டிட்டேன். வலது பக்கம்."

"அடிப்பாவி. இத்தாலி வண்டிடி அது. டிக் அடிச்சு வச்சிருந்தேனே."

"ஒட்டினப்புறம்தான் பார்த்தேன்."

அவன் சிரித்தான். "சரி விடு. இனி அது நம்ம ஊர் ரோட்டுக்குத்தான் லாயக்கு. காண்ட்ராக்டுக்கு என்ன சொல்ற? வழக்கம்போல என் இஷ்டமா?"

அவரைக்காய் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது. ரங்கம்மா தலையைத் தூக்கி அவளையே பார்த்தார். டோரதி சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள். "செப்டம்பர்ல வந்துடுங்க. வந்தா திரும்பிப் போகாதீங்க."