பிறந்த வீட்டுக் கோடி

பீரோவின் கீழ்த்தட்டு வரைக்கும் பெரியநாயகம் கிளறிப் பார்த்துவிட்டார். மனைவியின் சேலைகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. துணித் தொழிலிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தவளின் பீரோ இப்படிக் காலியாகக் கிடந்தது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. தையல் மெஷினில் உட்காரும்போது கனகவள்ளி வழக்கமாகக் கட்டும் நீலக் கட்டம் போட்ட பருத்திச் சேலையை உருவி எடுத்தார். முந்தானையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. படுதா கட்டி அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் அதைக் கொண்டுபோய் நீட்டினார்.

அவருடைய தங்கை பொன்னுத்தாய் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“இது என்னண்ணே, வேலைக்குக் கட்டுத சேலையைக் கொண்டாந்து குடுக்கிய? லிங்கத்துரை மான்குர்த்லருந்து கெளம்பிட்டானாம். பொறந்த வீட்டுக் கோடிச் சேலை வரட்டும்.”

“இதையே கட்டிவிடு பொன்னு.”

அண்ணன் இவ்வளவு கறாராகப் பேசி அவள் கேட்டதில்லை. கனகவள்ளியின் தம்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ, வாங்கிக்கொண்டாள்.

பெரியநாயகத்துக்குத் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் மளிகைக் கடை. சண்டை போட்ட இரண்டு பேர் தனித்தனியாக வந்து முறையிட்டால், இரண்டு பேருமே அண்ணாச்சி நம்ம பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். கடையில் இல்லாத சாமானைக் கேட்டால்கூட இல்லை என்று சொல்ல வாய் வராது, சாயங்காலம் வரும் என்பார். கனகவள்ளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “நீங்க ஒருத்தரைப் பாத்து வேண்டாம்னு சொல்லி, அதைக் கேட்டுட்டுத்தான் நான் கண்ணை மூடணும்” என்பாள். அதைக் கேட்காமலே இன்று காலையில் மூடிவிட்டாள். சிறுநீரகம் கைவிட்டு, சயான் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடித்து வந்த மறுவாரம் போய்விட்டாள்.

வீட்டுக்கு மேல் இரும்பு ஏணி ஏறிப் போனால் அவளுடைய தையல் யூனிட். கம்பெனிகளுக்குச் சட்டையும் குர்த்தாவும் தைத்துக் கொடுப்பாள். தாராவியில் அப்படி எத்தனையோ யூனிட் உண்டு. வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிக்குச் சிந்தி என்று பெயர். அதை நாலா எனும் சாக்கடை ஓடையில் கொட்டுவதும் மூலையில் போட்டு எரிப்பதும்தான் அப்போதெல்லாம் நடப்பு. ஒருநாள் அந்தப் புகையில் பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை மூச்சு முட்டித் துடித்ததைப் பார்த்துவிட்டுக் கனகவள்ளி தன் வாசலில் இரண்டு சாக்கு கட்டித் தொங்கவிட்டாள். ஒன்று பருத்திச் சிந்திக்கு, ஒன்று நைலான் கலப்புக்கு. பருத்தி மறுபடியும் நூலாக மில்லுக்குப் போகும். பிறகு ஒவ்வொரு யூனிட்டாக ஏறி இறங்கினாள். கெஞ்சினாள், திட்டினாள், சிலரோடு வருஷக்கணக்கில் பேசாமல்கூட இருந்தாள். இப்போது அந்தச் சந்துகளில் வாசலுக்கு வாசல் இரண்டு சாக்கு தொங்கும். யூனிட்காரர்கள் சங்கம் அமைத்து அவளையே தலைவியாக்கினார்கள். போன வருஷம் பெரிய கம்பெனிக்காரர்கள் ஹோட்டலில் கூட்டம் போட்டுப் பொறுப்பான ஃபேஷன் என்று பேசியபோது அவளையும் மேடையில் உட்காரவைத்தார்கள். எல்லாரும் படம் காட்டிப் பேசினார்கள். அவள் தாராவி இந்தியில் மூன்று விஷயம் சொன்னாள்: குறைத்து வெட்டுங்கள், நிலைக்கும்படி தையுங்கள், கூலியை நாள் தள்ளாமல் கொடுங்கள். கைதட்டல் ஓய்வதற்குள் இறங்கி வந்துவிட்டாளாம். அவ்வளவையும் செய்தவளுக்குக் கட்டின புருஷனைத்தான் பழக்க முடியவில்லை. பெரியநாயகம் கையில் அகப்பட்டதைக் கண்ட சாக்கில் போடுவார், இல்லாவிட்டால் கீழே போடுவார்.

சிந்தி ஏற்றிய டெம்போவில் ஒருதரம் போகும்போது, ஒரு சுடுகாட்டின் பின்சுவரை ஒட்டி அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். பிணத்தின் மேல் போட்ட கோடித் துணிகள். சிதையில் வைக்கும்முன் உருவி வீசியவை, மடிப்புக் கலையாமல் மழையில் ஊறிக் கிடந்தன. செத்தவருக்கு எடுத்த துணியை உயிரோடு இருப்பவர்கள் உடுத்த மாட்டார்களே. அன்று சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னாள்.

“நான் செத்தா எம்மேல ஒரு புதுத்துணி விழப்படாது. பாத்துக்கிடுங்க.”

பெரியநாயகம் சரி என்றார். அவர் எல்லாவற்றுக்கும்தான் சரி சொல்வார். ஆனால் அவள் அதோடு விடவில்லை, சங்கக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொன்னாள். அதனால்தான் இன்று இந்தச் சங்கடம்.

வாசலுக்கு வந்து பார்த்தார். சந்து கொள்ளாத கூட்டம். யூனிட்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். அவள் சொன்னது எல்லாருக்கும் நினைவிருந்தது. ஆனாலும் சாவு வீட்டுக்கு எப்படி வெறுங்கையோடு வருவது? ஆளாளுக்குக் கக்கத்தில் ஒரு பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, அது இருப்பது தனக்கே தெரியாது என்பதுபோல் நின்றார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழுந்த பிறகுதான் மற்றவர் போடலாம் என்பது வழக்கம். லிங்கத்துரையின் சேலை விழுந்தால் இத்தனை பொட்டலமும் வரிசையாகப் பிரியும். விழாவிட்டால் ஒன்றும் பிரியாது.

கனகவள்ளியிடம் துணி தைத்து வாங்கும் கம்பெனியிலிருந்து வந்தனா வந்திருந்தாள். மாட்டுங்காப் பெண். கையில் ஒன்றும் இல்லை.

“ஆஃபீஸ்லேர்ந்து சால்வை அனுப்பறதா சொன்னா அங்கிள். மாமி சொன்னது ஞாபகம் இருந்தது, வேண்டாம்னுட்டேன்” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மகன் சுதன் அவரைத் தனியே இழுத்தான். அம்மா சொன்னது அவனுக்கும் தெரியும். ஆனால் மாமா வீட்டோடு உறவு அறுந்துபோகும், நாளைக்கு நல்லது கெட்டது என்றால் முன்னால் நிற்க வேறு தாய்மாமன் ஏது, இன்று ஒருநாள் விட்டுக்கொடுத்துப் போகலாம் என்றான். அவன் சொன்னது எதுவும் தப்பில்லை. லிங்கத்துரையைச் சின்ன வயதில் பம்பாய்க்குக் கூட்டிவந்து, சோறு போட்டு, மான்குர்த்தில் பாத்திரக் கடை வைக்கும் வரைக்கும் தாங்கியவள் கனகவள்ளி. ஒரு பொங்கலுக்கும் அக்காளுக்குச் சேலை எடுத்துவராமல் அவன் இருந்ததில்லை. பெரியநாயகம் பழக்கதோஷத்தில் மகனிடம் சரி என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

லிங்கத்துரை வந்துவிட்டான். தலைக்கு மேல் பித்தளைத் தாம்பாளம், அதில் காகிதத்தில் பொதிந்த சேலை, மஞ்சள், பூ. ரயிலிலும் ஆட்டோவிலும் முகத்தைத் துடைத்துத் துடைத்து அவன் தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது. அவன் வீட்டுக்குள் கிடத்தியிருந்த அக்காளின் காலடியில் போய் நின்று, சுட்ட தழும்போடு இருந்த அந்த நீலச் சேலையைப் பார்த்தான்.

“என்ன அத்தான் இது? எங்கக்காளுக்கு ஆளு இல்லன்னு நெனச்சியளா?”

பெரியநாயகம் அவனுக்கு எதிரே வந்தார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

“கோடியை வாங்கிக்கிட்டேன் மாப்ள. மேல போட வேண்டாம்.”

சொல்லிவிட்டார். சொன்னதும், அவள் கேட்டாளா என்று பார்ப்பவர்போல அவர் முகம் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பியது. அவள் அப்படியே கிடந்தாள்.

லிங்கத்துரை கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொறந்த வீடு இல்லாத பொம்பளையைப்போல அவளை அனுப்புவதாக இருந்தால் தான் இங்கே நிற்பதில் அர்த்தமில்லை, இப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன் என்றான். போனால் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னான். பொன்னுத்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சுவரோரம் நின்றவர்கள் பொட்டலத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

பெரியநாயகம் தாம்பாளத்தைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு அவன் வழியை மறித்து நின்றார்.

“போகாத. பொறந்த வீட்டுத் துணி இல்லாம அவளை நான் அனுப்ப மாட்டேன். புதுசுதான் வேண்டாங்கேன். உன் தோள்ல கெடக்குல்லா, அந்தத் துண்டைப் போடு.”

“பழந்துணியையா?”

“அவா கேட்டது அதான் மாப்ள. நான் ஒரு தடவையாவது அவா சொன்னதைச் செய்யணும்ல.”

அவர் நகரவில்லை. குறுகலான வாசல், அவரைத் தள்ளாமல் யாரும் வெளியே போக முடியாது. லிங்கத்துரை அக்காளின் பக்கம் திரும்பினான். ஊரிலிருந்து வந்த புதிதில் காய்ச்சல் கண்டு கிடந்தபோது அக்காள் தன் பழைய சேலையைத்தான் அவனுக்குப் போர்த்திவிட்டிருப்பாள், அதெல்லாம் நினைவு வந்ததோ என்னவோ. தோளிலிருந்து துண்டை எடுத்தான். உதறினான். அவள் நெஞ்சின் மேல் விரித்துவிட்டு, ஓரத்தை இழுத்து மடிப்பு எடுத்தான். எடுத்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்து அழுதான்.

சுவரோரத்தில் ஒரு அசைவு தெரிந்தது. அப்ரார் என்ற யூனிட்காரர்தான் முதலில் தன் பொட்டலத்தை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து மூடினார். மற்றவர்களுடையவை எங்கே போயின என்று தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராக வெறுங்கையோடு வந்து பூவைப் போட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அதன் பிறகு பாடை கட்டி எடுக்க அதிக நேரமாகவில்லை.

சுடுகாட்டில் அவள்மேலிருந்து எதையும் உருவ வேண்டியிருக்கவில்லை. வேலைக்குக் கட்டும் சேலையோடும் தம்பியின் துண்டோடும் அவள் போனாள்.

திரும்பிவந்த ஆண்கள் சந்து முனைக் குழாயடியில் குளித்தார்கள். பொன்னுத்தாய் வேட்டிகளைக் கொண்டுவந்தாள். சுதனுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. லிங்கத்துரைக்கு மாற்றுத் துணி இல்லை, ஈரத்தோடு நின்றான். அண்ணனுடைய இன்னொரு வேட்டியை எடுத்துவரத் திரும்பியவள், அந்தக் கோடியை என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டாள். அதை வாசலுக்கு வெளியே கல்லின் மேல் வைத்திருந்தாள். பிணம் போன பிறகு வீட்டுக்குள் ஏற்றக் கூடாது, கொண்டுவந்தவன் திரும்பக் கொண்டுபோகவும் கூடாது. நாலாவில் போட்டுவிடச் சொல்லட்டுமா என்றாள்.

“வேண்டாம்” என்றார் பெரியநாயகம். இந்தத் தடவை அது சுலபமாக வந்தது.

போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்புச் சேலை, மஞ்சள் கரை. மேலே ஏணிப்படியில் உட்கார்ந்திருந்த கட்டிங் மாஸ்டர் சிராஜைக் கூப்பிட்டு, கத்தரியோடு வரச் சொன்னார். சேலையை இரண்டாக மடித்து, நடுமடிப்பைக் காட்டினார். சிராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். இந்த யூனிட்டில் முழுத் துணியைக் காரணமில்லாமல் வெட்டக் கூடாது என்று வைதவள் இன்றுதான் போயிருக்கிறாள். பெரியநாயகம் விரலை எடுக்கவில்லை. சிராஜ் நேராக வெட்டினார்.

தங்கை கொண்டுவந்த வேட்டியை விட்டுவிட்டு, ஒரு பாதியைப் பெரியநாயகம் இடுப்பில் வேட்டிபோலச் சுற்றி, ஈர வேட்டியை உள்ளிருந்து உருவிப் போட்டார். பொன்னுத்தாய் ஐயோ என்றாள். குழாயடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிணத்துக்கு எடுத்த கோடியை ஒரு மனிதர் உடுத்திக்கொண்டு நிற்பதை அந்தச் சந்து அதுவரை பார்த்ததில்லை. அதுவும் தொப்பை சரிந்த மளிகைக் கடை அண்ணாச்சி, சிவப்புச் சேலையில்.

அவர் மறுபாதியை மைத்துனனிடம் நீட்டினார்.

“கட்டு மாப்ள. ஈரத்தோட நிக்காத.”

லிங்கத்துரை துணியைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். வாங்கிச் சுற்றிக்கொண்டான்.

வாசல் கல்லில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுதன் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தபடி எதிரே குந்தினான். சிராஜ் குனிந்து, பெரியநாயகத்தின் காலடியில் தொங்கிய முந்தானைக் குஞ்சத்தைத் தடுக்கிவிடாமல் இருக்க ஒட்ட நறுக்கிவிட்டார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சிறு துண்டு கீழே விழுந்தது.

பெரியநாயகம் அதைக் குனிந்து எடுத்தார். எழுந்து, வாசலில் தொங்கிய இரண்டு சாக்குகளுக்கு முன்னால் போய் நின்றார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவருக்குப் பிடிபடவில்லை.

“மாப்ள, இது காட்டனா?”

“காட்டன்தான் அத்தான். எங்கக்காளுக்கு வேற துணி ஆகாதுல்லா” என்றான் லிங்கத்துரை.

அவர் அதைப் பருத்திச் சாக்கில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.