கோர்வைக் கதவு

விண்ணப்பத்தின் முதல் பத்துக் கட்டங்களும் சங்கரிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பெயர், விலாசம், ஆதார் எண் என்று அவள் சொல்லச் சொல்ல, மகள் தேவிப்ரியா கைபேசியில் மடமடவென்று தட்டிக்கொண்டே போனாள். வயது முப்பத்தாறு என்று போட்டபோது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மா, பெஸ்ட் அப்ரென்டிஸ் அவார்டும்மா இது. எல்லாம் ஐ.டி.ஐ. முடிச்ச பசங்கதான் வருவாங்க. நீ போய் நின்னா ஜட்ஜு வந்துட்டாங்கன்னு சேர் போடப் போறாங்க."

"போடட்டும். ஒக்காந்துக்கறேன்," என்றாள் சங்கரி.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள். பெரிய காஞ்சிபுரத்தில் வேணுகோபாலின் கதவு ஜன்னல் பட்டறையில் தச்சுப் பழகுநராகச் சேர்ந்த அன்று, நெசவாளி வீட்டுப் பெண் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே என்று தெருவே வாயைப் பிளந்தது. ஆட்டோ ஓட்டும் கணவன் குமரன்கூட, ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பெரிசு என்று சொன்னவன்தான். சென்னையில் ஏதோ கட்டுமானச் சங்கம் விருது கொடுக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அதே குமரன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அவள் செய்த கதவின் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறான். இறங்கும் இடம் வந்தாலும் விடுவதில்லை.

அந்தக் கதவு அப்படி. திருப்புட்குழியில் வீடு கட்டிய சம்பூர்ணம் அம்மாள், எல்லாரும் போடுகிற மாதிரி வேண்டாம் என்று கேட்டபோது, சங்கரி ஒரு யோசனை சொன்னாள். நடுவில் தேக்கு, இரண்டு பக்கமும் பாலிஷ் ஏறினால் அரக்கு நிறமாகிவிடும் வேங்கை மரம். இரண்டும் சேரும் இடத்தில் நேர்கோடு கிடையாது. பட்டுச்சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் வரிசையாக நிற்கும் ரேக்கு போல, கூர் கூரான பற்கள். தேக்கின் பல் வேங்கைக்குள்ளும், வேங்கையின் பல் தேக்குக்குள்ளும் போய் உட்கார வேண்டும். பக்கத்துக்கு முப்பத்திரண்டு பல்.

பற்களை வெட்டியது சங்கரி. ஆனால் வெட்டியதோடு அவை பொருந்திவிடவில்லை. ஒன்று இறங்கினால் ஒன்று முட்டியது. வேணுகோபால் பார்த்துவிட்டு, "வீண் வேலை, நேரா ஒட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் பெரியநாயகி வந்து உட்கார்ந்தாள். தென்னேரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் கூலியாள். ஐம்பதை நெருங்கும் வயது. உப்புத்தாளை விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள், வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி தேய்த்தாள். ஒன்பது நாள். கடைசி நாள், பசை தடவி இரண்டு பக்க வேங்கையையும் நடுத் தேக்கோடு சேர்க்கும்போது, ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமுமாக ஒரே மூச்சில் தள்ளினார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம். அறுபத்து நான்கு பல்லும் உட்கார்ந்துவிட்டது. பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினொன்றாவது கட்டம் அதைத்தான் கேட்டது. 'இப்படைப்பில் தங்களுடன் பணியாற்றியவர்களின் பெயரும், பழகுநர் பதிவு எண்ணும், செய்த பணியும். எவரும் இல்லையெனில், இல்லை எனக் குறிப்பிடவும்.'

"பெரியநாயகி பெரிம்மா பேரு போடட்டா?" என்றாள் தேவிப்ரியா. பிறகு கீழே இருந்த விதிகளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "போட்டா குரூப் என்ட்ரி ஆயிடும்மா. குரூப்புன்னா ரெண்டு பேருக்கும் பதிவு எண் இருக்கணும். அவங்களுக்குத்தான் இல்லியே. ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

"அப்படியே வை. வெள்ளிக்கெழமை வரைக்கும் டைம் இருக்குது இல்ல?"

மறுநாள் பட்டறையில் வேணுகோபாலிடம் கேட்டாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே சொன்னார்: "இதுல யோசிக்க இன்னா இருக்குது? 'இல்லை'ன்னு போடு. உப்புத்தாள் தேய்ச்சதெல்லாமா எழுதுவாங்க? அப்படிப் பார்த்தா டீ வாங்கினு வந்தவன் பேரையும்தான் எழுதணும்."

பெரியநாயகியும் அதையேதான் சொன்னாள். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தபடி, "என் பேரு எதுக்குமா? நீ படிச்சவ, பேரு வாங்கு. எனக்கு ஒரே ஒரு ஒதவி மட்டும் செய்யி. அந்தக் கதவு போட்டோவை எனக்கு ஒண்ணு அனுப்பு. ஊர்ல எம்மருமவகிட்ட காட்டணும். நான் தினம் போய் மரத்தூள முழுங்கினு வரேன்னுதான் அவ நெனச்சிக்கினு இருக்கா," என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சங்கரிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பா முனிரத்தினத்தின் வலப்பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். உடலை நெய்கிறவர் ஊடை நூலை வீசினால், வலது கரைக்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அநேகமாக வீட்டுக் குழந்தையின் கையாகத்தான் இருக்கும். காலையில் பள்ளிக்கு முன்னால் கொஞ்சம், சாயங்காலம் வந்த பிறகு மிச்சம். குழந்தையைத் தறியில் உட்கார வைத்தது தப்பா என்றால், தப்புதான். சட்டத்தையும் கேட்க வேண்டாம், மரத்துப்போகும் அந்தச் சின்னக் கால்களைக் கேட்டாலே போதும். ஆனால் சங்கரிக்கு அந்த நாட்களை நினைத்தால் கோபம் வராது, ஆசைதான் வரும். வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா அடுப்படியில் கடுகு தாளிப்பாள். நைனா நாக்கை ஒரு சொடக்குச் சொடக்குவார். இவள் கரைநூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். பேச்சே கிடையாது. சொடக்கு, தள்ளு, சொடக்கு, தள்ளு. எப்போதாவது இவள் வேண்டுமென்றே தாமதித்தால், அவர் திரும்பாமலே "தூங்கிட்டியா ராஜாத்தி?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் தாமதிப்பாள்.

அந்த வருஷம் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்டு அவர்கள் நெய்த சேலைக்கு ஒரு கைத்தறிக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. குடும்பமே சென்னைக்குப் பஸ் ஏறியது. சங்கரிக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். மேடையில் நைனாவின் பெயரைக் கூப்பிட்டதும், அடுத்தது தன் பெயர்தான் என்று கடைசி வரிசையில் இருந்தவள் ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள். கூப்பிடவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டார்கள். இவள் அப்போதும் ரிப்பனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு நைனா மூன்று பேருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். அதைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. நைனாவுக்கு அது தோன்றியே இருக்காது என்றுதான் இருபத்தாறு வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இந்த விருதின் மேல் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது என்று குமரனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் அப்பாவின் வீட்டுக்குப் போனாள். குடும்பத்தில் கைத்தொழிலுக்கு வாங்கிய சான்றிதழ் ஏதாவது இருந்தால் நகல் இணைக்கலாம் என்று விண்ணப்பத்தில் இருந்தது. முனிரத்தினம் எழுபதைத் தாண்டியும் தறியில்தான் இருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னதும் தறிக்குழியிலிருந்து ஏறி, சுவரிலிருந்த சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"கதவு போட்டோ இருக்குதா? மாப்ள எல்லாருக்கும் காட்றாராம், எனக்கு மட்டும் காட்டல."

சங்கரி கைபேசியை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம சேலை இல்ல?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தாள். நடுவில் மஞ்சள் தேக்கு, இருபக்கமும் அரக்கு வேங்கை, சேரும் இடத்தில் பல் பல்லாக ரேக்கு. மூன்று மாதம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். ஒருநாள்கூட அது அவளுக்குத் தோன்றவில்லை.

"எதிர்ப்பக்கம் கோர்வை யாரு புடிச்சது?"

"பட்டறையில பெரியநாயகின்னு ஒரு அக்கா, நைனா. அதுதான் ரோதனை. கூட வேலை செஞ்சவங்க பேரு கேக்கறாங்க. அவங்க பேரைப் போட்டா விருது கெடைக்காது. எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதச் சொல்றாங்க."

முனிரத்தினம் சட்டத்தைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அந்தச் சேலைக்குப் போட்ட பாரத்துலயும் கேட்டிருந்தாங்கம்மா," என்றார். "'உதவியாளர் பெயர்'னு. நான்தான் 'இல்லை'ன்னு எழுதினேன்."

சங்கரி சட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்போ தெரு தெருவா ஆபீசருங்க வந்துக்கினு இருந்தாங்க. சின்னப் பசங்களைத் தறியில வெச்சிருந்தா கேஸு. உன் பேரை எழுதினா வயசு கேப்பாங்க. பயந்துட்டேன். எழுதிட்டேன்." அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "மேடையில நிக்கிறேன். கடைசி வரிசையில நீ ரிப்பனைப் புடிச்சி இழுத்து இழுத்து சரி பண்ணிக்கினு இருக்கறே. எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சிதுமா. தெரியலன்னு நெனச்சிக்காத. அன்னைக்கி அந்த ரோஸ்மில்க் என் தொண்டையில எறங்கல."

இருபத்தாறு வருஷமாக அவர் மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றியது. இந்த மனிதர் இதையும் சுமந்துகொண்டுதான் தினமும் தறியில் இறங்கியிருக்கிறார். அவர்மேல் அவளுக்கு இருந்த சின்ன வருத்தம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் அழுகைதான் வந்தது. அழுதாள். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தூங்கிட்டியா ராஜாத்தி?" என்றார் சிறிது நேரம் கழித்து, திரும்பாமலே. "டைம் ஆவுது பாரு. போய் எழுது."

சான்றிதழைக் கொண்டுபோக மறந்துவிட்டாள். மத்தியானம் வீட்டில், பதினொன்றாவது கட்டத்தில் அவளே தன் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பெரியநாயகி, தென்னேரி. பதிவு எண்: கிடையாது. செய்த பணி என்ற இடத்தில் 'கோர்வை' என்று போட்டாள்.

"மா, கோர்வைன்னா அவங்களுக்கு இன்னா புரியும்? ரிஜெக்ட்தான்," என்றாள் தேவிப்ரியா.

"அனுப்பு."

திங்கட்கிழமை சங்கத்திலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். கதவு நடுவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்; பட்டியலில் மேலே இருக்கிறதாம். பதிவு எண் இல்லாத அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் தனிநபர் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாமாம். ஒரே ஒரு நிமிஷ வேலை, எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

பட்டறையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேணுகோபால் 'சரின்னு சொல்லு' என்று கையால் ஜாடை காட்டினார். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கூப்பிடுவது அந்த நேரத்தில் அவள் காதில் விழுந்தேவிட்டது.

"வேணாம் சார்," என்றாள். "ரெண்டு பேரு செஞ்சது. அந்தப் பேரை எடுத்தா அது என் கதவு இல்ல."

அவர் வருத்தத்தோடு வைத்துவிட்டார். சங்கரி பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வேணுகோபால் இரண்டு நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "அடுத்த பேட்ச்ல அந்தம்மாவையும் பழகுநரா எழுதிக்கறதுக்கு இன்னா பேப்பர் வேணும்னு விசாரி," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை குமரனின் ஆட்டோவில் எல்லாரும் திருப்புட்குழிக்குப் போனார்கள். போகும் வழியில் சங்கரி, தான் அனுப்பிய விண்ணப்பத்தின் நகலைப் பெரியநாயகியிடம் கொடுத்தாள். அவள் எழுத்துக்கூட்டி மெதுவாகத் தன் பெயரைப் படித்தாள்.

"தென்னேரின்னுகூட போட்டுக்கிறியே," என்றாள். பிறகு, "கோர்வைன்னா இன்னாமா?"

"நான் பத்து வயசுல பாத்த வேலை, அக்கா."

சம்பூர்ணம் அம்மாள் வீட்டு வாசலில் கதவு காலை வெயிலில் பளபளத்தது. குமரன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு பேரும் கதவுக்கு ரெண்டு பக்கமும் நில்லுங்க, ரெடியா?" என்றான்.

"இருப்பா, இருப்பா," என்றாள் பெரியநாயகி. அவசர அவசரமாகக் கொண்டையை அவிழ்த்தாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காதோரம் பறந்த நரைமுடியை உள்ளே தள்ளித் தள்ளிச் சரிசெய்தாள். மருமகள் பார்க்கப்போகும் படம். ஒரு தடவை முடிந்தாள், சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தாள்.

"நேரமாவுது, இப்படியே எடுத்துடட்டா?" என்றான் குமரன்.

"எடுக்காத," என்றாள் சங்கரி. "நீ நிதானமா முடிஞ்சிக்கோக்கா. நாங்க இருக்கறோம்."