மலைக்கு முன்னால் சேறு

தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் மாரண்டஹள்ளியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மேசைமேல் மலையை எங்கே வைத்தால் பூதப்படைக்கு நல்லது, சேற்றை எங்கே வைத்தால் வில்லாளிகளுக்கு நல்லது என்று தெரிந்தவர்கள் ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும் இரண்டே பேர்தான். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். இல்லாவிட்டால் ஆட ஆள் தேடி ஓசூர் வரைக்கும் பஸ் ஏற வேண்டியிருந்திருக்கும்.

மாதவராஜும் யுவராணியும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் பழகிய ஆட்டம் அது. கட்டைவிரல் உயரத்தில் பொம்மைகள். பூதம், குள்ளன், நரிமுகச் சிப்பாய் என்று கதையில் மட்டுமே பிழைக்கிற கூட்டம். அவற்றைப் படையாக நிறுத்தி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். சதுரங்கத்தைப் போலக் கட்டம் கிடையாது. மலை, காடு, ஓடை எல்லாவற்றையும் கையால் செய்து மேசைமேல் பரப்பி, அதற்குள்தான் படைகள் முட்டிக்கொள்ளும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் நிலம் போடுவது. பாதி ஆட்டம் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒருவர் நிலம் போட்டால், எந்தப் பக்கம் நிற்பது என்பதை மற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் போடுகிறவருக்குக் கை ஒரு பக்கமாகச் சாயாது.

கொரோனாவில் ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மாதவராஜ் வேலையை விட்டுவிட்டுப் பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வைத்தான், அது அவனுக்குக் கைகொடுத்தது. யுவராணி மாடி அறையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய வேலையையே பார்த்தாள். ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருளில் நர்சுகள் பார்க்கிற திரை எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிற வேலை. அது அவளுக்குப் பிடிக்கும். காரணம் கேட்டால் சம்பளம், பதவி என்று என்னவாவது சொல்லிவைப்பாள். பிடிக்கும் என்பதுதான் நிஜம்.

போன வாரம் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் பெங்களூர் ஆபீசுக்கு வர வேண்டும், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம். அன்றைக்கு ராகிக் களி சாப்பிடும்போது மாதவராஜ், அம்மா காசியம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உனக்கு எப்படித் தோணுது என்று கேட்டான். எனக்கு எதுன்னாலும் சரிதாங்க என்று சொல்லிவிட்டாள் யுவராணி. மருமகள்கள் சொல்கிற பொய்களிலேயே மரியாதையான பொய் அதுதான். காசியம்மாள் அதை அப்படியே நம்பி, பாலக்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை இருக்கிறதாம், இங்கே நமக்கு என்ன குறைச்சல் என்றாள். பேச்சு கனத்துப்போகிறதே என்று மாதவராஜ், ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்துவிடலாம், ஜெயிக்கிறவர் சொல்வதுதான் முடிவு என்று ஒரு தமாஷ் பண்ணினான். மூன்று பேரும் சிரித்தார்கள். யுவராணி சிரித்தாளே தவிர, அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய் திறந்து கேட்பதைவிட ஜெயித்து வாங்குவது அவளுக்குச் சுலபமாகத் தெரிந்தது. அந்த வாரம் நிலம் போடுகிற முறையும் அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாடிக்குப் போய், தக்காளி கிரேட்டுகளை அடுக்கி அதன்மேல் பிளைவுட் பலகையைக் கிடத்தினாள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். ப்ரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலை அறுத்துச் செய்த மலைகள், காய்ந்த துளசிக் குச்சியில் பஞ்சு ஒட்டிய மரங்கள், உப்புத்தாளை வெட்டிய ஓடை, ஓட்டுச் சில்லில் கட்டிய கோட்டை. சேற்றுக்கு நாற்றுத் தட்டில் போடுகிற தென்னைநார்த் தூளைப் பசையில் குழைத்து அட்டையில் தடவியிருந்தாள். காய்ந்த பிறகும் அது ஈரமாகவே மினுங்கும்.

முதலில் பெரிய மலையை எடுத்து ஒரு பக்கத்து ஓரத்தில் வைத்து, உச்சியில் கோட்டையை ஏற்றினாள். மாதவராஜுக்கு மலை என்றால் போதும். இத்தனை வருஷத்தில் உயரமான இடம் கண்ணில் பட்டும் அவன் வேறு பக்கம் போனதே இல்லை. மேலே நின்றால் எல்லாம் தெரியும் என்பான். எல்லாம் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு மலையின் அடிவாரத்தில் சேற்று அட்டைகளை வரிசையாகப் போட்டாள். சேற்றில் இறங்கிய பொம்மை பாதி தூரம்தான் நகரும். அவனுடைய கல்பூதங்களோ ஏற்கெனவே ஆமை நடை. ஜெயிப்பதற்குப் பிடிக்க வேண்டிய கல்தூண்கள் மூன்றையும் சேற்றுக்கு அப்பால் நட்டாள்.

எதிர்ப்பக்கத்தை வேண்டுமென்றே மொட்டையாக விட்டாள். நாலு முள்மரம், கொஞ்சம் பாறை, காய்ந்த ஓடை ஒன்று. பார்த்தால் ஒன்றுமில்லாத பொட்டல். ஆனால் ஓடையின் இரண்டு கரையிலும் பாறையை நெருக்கி வைத்திருந்தாள். அதற்குள் குனிந்து போகிற அவளுடைய வில்லாளியை மலையுச்சியிலிருந்து பார்க்க முடியாது. அந்த ஓடை நடுத்தூணின் காலடிக்கே கொண்டுபோய் விட்டுவிடும். மலைப்பக்கத்தில் நிற்கிறவன் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொட முடியாது.

துணி காயப்போட வந்த காசியம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தண்ணி இல்லாத பக்கம் யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் அத்தை என்றாள் யுவராணி. பாவம் என்று சொல்லிவிட்டு காசியம்மாள் இறங்கிப் போனாள். யுவராணி மேசையைத் திரும்பிப் பார்த்தாள். விதிப்படி இதில் ஒரு தப்பும் கிடையாது. இருந்தாலும் கட்டினவனின் பலவீனத்தை அளவெடுத்துத் தைத்த நிலம் அது. ஒரு சேற்று அட்டையை எடுத்துவிடலாமா என்று கை வைத்தவள், அலுவலகத்தில் ஜன்னலோரம் இருந்த தன் பழைய நாற்காலியை நினைத்துக்கொண்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாதவராஜ் தன் படைப்பெட்டியோடு மேலே வந்தான். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினான். வழக்கமாக ஒரு பார்வையோடு சரி. அன்றைக்கு மூலையில் முட்டி போட்டு, கண்ணைப் பலகையோடு ஒட்டி வைத்து ஓடை போகிற வழியையே பார்த்தான். டேப்பை எடுத்துச் சேற்றின் அகலத்தை அளந்தான். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். அவள் வில்லாளிகளின் தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

மலைப்பக்கம் எனக்கு என்று சொல்லி, பெட்டியைத் திறந்து பூதங்களை அடுக்கினான்.

அளந்து பார்த்த பிறகுமா என்று யுவராணிக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் சந்தோஷம் வந்தது. அது நிற்பதற்குள் சந்தேகமும் வந்து சேர்ந்தது.

ஆட்டம் ஆரம்பித்ததும் பகடைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சேற்றில் இறங்குகிறபோது ஒரு முறை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் தடையே இல்லாமல் கடந்துவிடலாம். மாதவராஜ் உருட்டினான், ஆறு விழுந்தது. இரண்டாவது பூதத்துக்கும் ஆறு. பெரிய பூதத்துக்கு உருட்டினது மேசையை விட்டு விழுந்து கிரேட்டுக்கு அடியில் ஓடியது. திரும்ப எடுத்து உருட்டினால் அதுவும் ஆறு. வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். அன்றைக்குப் பகடையை முறைத்துப் பார்த்தான். யுவராணியின் வில்லாளிகள் ஓடைக்குள் பாதி வழிகூடப் போயிருக்கவில்லை.

பெரிய பூதம் கரையேறி நின்றது. எதிரே எட்டிப்பிடிக்கிற தூரத்தில் நடுத்தூண், காவலுக்கு ஆளில்லை. மாதவராஜ் பூதத்தைத் தூக்கித் திருப்பி, மறுபடியும் மலையைப் பார்க்க வைத்தான்.

"எதுக்குங்க அங்க போறீங்க?"

"கோட்டைக்குக் காவல் வேணும்ல."

"கோட்டைய யாரு கேட்டா? தூணு கைக்கிட்டயே இருக்குது."

அவன் பொம்மையிலிருந்து கையை எடுத்தான்.

"நெலத்தப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு யுவா. இந்த மலை எனக்குன்னே வெச்சது. இத்தன வருசத்துல நீ இப்படி ஒரு நெலம் போட்டதே இல்ல. அப்படின்னா போவணும்னு அவ்ளோ ஆசை இருக்குதுன்னு நெனச்சன். ஜெயிச்சிட்டுப் போவட்டும்னுதான் மலைப்பக்கம் எடுத்தன். இந்தப் பாழாப்போன பகடை விட மாட்டேங்குது."

யுவராணிக்குக் காது மடல் சுட்டது. திருட்டுத்தனம் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம், பிச்சை போட வந்தானே என்ற கோபம் ஒரு பக்கம். கோபம்தான் முந்திக்கொண்டது. தெரிந்ததென்றால் நேராகக் கேட்க வேண்டியதுதானே என்றாள். கேட்டேனே என்றான். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் என்னவென்று சொல்வது என்றாள். அப்புறம் ஆறு நாள் ஒரே அறையில்தானே படுத்திருந்தோம், ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்றான் அவன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

யுவராணி கையிலிருந்த வில்லாளியை மேசையில் வைத்தாள்.

"எனக்குப் போவணுங்க. நீங்க சரின்னாலும் வேணாம்னாலும் எனக்குப் போவணும்னு இருக்குது."

சொன்ன பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சின்ன வாக்கியத்துக்கா ஒரு மலையையும் அத்தனை சேற்றையும் கூட்டி வைத்தோம் என்று இருந்தது.

"எனக்கு நீ போறது புடிக்கல," என்றான் மாதவராஜ். "வாரத்துல அஞ்சு நாளு நீ இல்லாத வூட்டுல நான் என்ன பண்ணுவன்? ஆனா அது என் பாடு. நீ போ."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பெரிய பூதத்தை மறுபடி தூணைப் பார்க்கத் திருப்பினான். இனிமேல் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, ஒழுங்காக ஆடலாமா என்று கேட்டான். ஆடலாம் என்றாள். ஒழுங்காகத்தான் ஆடினார்கள். யுவராணி படுதோல்வி அடைந்தாள். அவள் பார்த்துப் பார்த்து ஒளித்து வைத்த ஓடைக்குள் வில்லாளிகள் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ள, மூன்று தூண்களையும் பூதங்கள் பிடித்துவிட்டன. கடைசியில் சிரிப்பு தாங்காமல் அவளே தன் தளபதியைப் படுக்கப் போட்டாள்.

"ஜெயிச்சவங்க சொல்றதுதான்னு பேச்சு," என்றான் மாதவராஜ்.

"சொல்லுங்க."

"அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னன்னா நான் அனுப்பி வெக்கற மாதிரி ஆயிடும். கூட வந்து நிக்கறன். வாயத் தொறக்க மாட்டன்."

யுவராணியின் சிரிப்பு நின்றுபோனது. தளபதியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, முன்னால் படியிறங்கினாள். அவன் பின்னால் வந்தான்.

காசியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் சந்தைக்கு அவரைக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். யுவராணி அவள் முன்னால் போய் நின்று, அத்தை, பாலக்கோட்டு வேலை வேண்டாம், அடுத்த மாதத்திலிருந்து பெங்களூருக்குப் போகிறேன், சனி ஞாயிறு வந்துவிடுவேன் என்றாள். காசியம்மாள் முதலில் மகனைத்தான் பார்த்தாள். அவன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

"அவன் அனுப்பறானா?"

"இல்லீங்க அத்தை. நானாத்தான் போறன்."

காசியம்மாள் காயை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். முகம் சுளித்தாள், ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. எங்கே தங்குவாய், யார் சமைப்பார்கள், வெள்ளிக்கிழமை எந்த பஸ்ஸுக்கு வருவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். யுவராணி பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னாள்.