துணிக்கடைச் சுவருக்குள் ஈயக் குழாய்

இரண்டு வயது அதீஃபின் இரத்தத்தில் காரீயம் இருப்பதாக மருத்துவர் சொன்னபோது ருக்சாருக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் சிணுங்குகிறான், பேசிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு சொல்லையும் விட்டுவிட்டான் என்றுதான் அவள் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அது எங்கிருந்து உடம்புக்குள் போகிறது என்று கண்டுபிடித்து முதலில் நிறுத்துங்கள் என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து அவள் வீட்டையே குடைந்தாள். பிள்ளையின் கண்ணுக்கு இடும் சுர்மா, பொம்மைகள், மசாலா டப்பாக்கள், சன்னலில் உரிந்து தொங்கிய பெயிண்ட் என்று ஒவ்வொன்றையும் பரிசோதனைக்கு அனுப்பினாள். எல்லாம் தேறின. கடைசியாகக் குழாய்த் தண்ணீரை அனுப்பினாள். அது தேறவில்லை.

டன்லப் ஸ்திரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னே கட்டிய கடைவீடு அது. கீழே மாமனார் அப்துல் கஃபாரின் துணிக்கடை, மேலே குடும்பம். குழாய் வேலைக்காரர் மருதப்பன் வந்து, அடுப்படிச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கருத்த குழாயைச் சாவியால் சுரண்டினார். உள்ளே வெள்ளியாய் மின்னியது. இது ஈயக் குழாய், தெருவரைக்கும் நல்ல தண்ணீர்தான் வருகிறது, இந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகே கெடுகிறது என்றார். வாசலிலிருந்து கடைச் சுவருக்குள்ளேயே ஓடி மேலே ஏறியிருந்தது குழாய். அடுப்படித் துண்டை மட்டும் மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். மிச்சம் ஈயமாகவே இருக்கும். முழுதும் மாற்றுவதென்றால் கடைச் சுவரைக் காலி செய்ய வேண்டும்.

அந்தச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை சேலை அடுக்கு. அதுவும் தீபாவளி நெருங்கும் வாரங்கள், கடையில் கால் வைக்க இடமிருக்காது.

அப்துல் கஃபார் ஒப்பவில்லை. பேரன் என்றால் அவருக்கு உயிர். ஆனால் தான் பிறந்ததிலிருந்து குடித்துவரும் தண்ணீர் நஞ்சு என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

“பிரியாணி தேக்சாவுக்கு ஈயம் பூசித்தானேம்மா ஆக்குறோம்? எனக்கு என்ன ஆச்சு?”

“அது வெள்ளீயம் மாமா. இது காரீயம். பேருதான் ஒண்ணு.”

தெம்பனிஸில் வேலை முடிந்து வந்த கணவன் ரிஸ்வான் நடுவில் மாட்டிக்கொண்டான். இப்போதைக்கு அடுப்படித் துண்டை மாற்றுவோம் என்று சமாதானம் பேசினான். பாதி வேலை தனக்கு வேண்டாம் என்று ருக்சார் சொல்லிவிட்டாள். தீபாவளி கழியும்வரை பொறுப்பதாக மட்டும் ஒத்துக்கொண்டாள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர்தான். யாரும் மறந்து குடித்துவிடாமலிருக்க அடுப்படிக் குழாயின் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவைத்தாள்.

அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. துணி உலர்த்திவிட்டு அவள் உள்ளே வந்தபோது, தாகத்தில் அழுத பேரனுக்கு அப்துல் கஃபார் குளியலறைக் குழாயில் குவளையை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாயில் ரிப்பன் இல்லை. ருக்சார் குவளையைப் பிடுங்கிக் கொட்டினாள். பிள்ளை வீரிட்டான்.

“மறந்துட்டேம்மா” என்றார் அவர்.

“நீங்க மறப்பீங்க மாமா. நானும் ஒரு நாள் மறப்பேன். குடிச்சது அவன் உடம்புல தங்கிடும். இனிமே தீபாவளி கழியட்டும்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கப் போறதில்ல. நாளைக்கு அந்த அடுக்க நானே காலி பண்றேன்.”

அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். கோபித்துக்கொண்டார் என்றே அவள் நினைத்தாள். கூட்டம் சேரும் மாலை வேளையில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாமனார் ஏணியில் நின்று பட்டுச் சேலைகளைக் கட்டுக்கட்டாகக் கடையாட்களிடம் இறக்கிக்கொண்டிருந்தார்.

“மருதப்பனுக்கு போன் போடும்மா” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

மறுநாள் சேலையெல்லாம் வாசல் நடைபாதையில் போட்ட மேசைகளில் ஏறியது. அப்துல் கஃபார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே வியாபாரம் செய்தார். உள்ளே துளைபோடும் இரைச்சல், தூசி. மலிவு விற்பனை என்று நினைத்துச் சனம் மொய்த்தது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை. ருக்சார் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் துகளை அள்ளிக்கொட்டினாள். பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டிருந்தாள்.

குழாய் துண்டுதுண்டாக வெளியே வந்தது. கையால் வளைத்தாலே வளைந்தது. அப்துல் கஃபார் ஒரு துண்டைத் தூக்கிக் கனம் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய்ச் சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினார்.

செம்புக் குழாய் ஏறிய பிறகு எடுத்த தண்ணீர் தேறியது. பிள்ளையின் இரத்தம்தான் அவசரப்படவில்லை. முதல் சோதனையில் அளவு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, அடுத்ததில் நன்றாகவே இறங்கியது. பேச்சு எப்போது திரும்பும் என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. ருக்சார் அவனை ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்தாள். மழையோ வெயிலோ, ஒரு வாரம்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போனாள்.

நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு காலையில், பயிற்சிக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தபோது, தூரத்தில் திரும்பிய வண்டியை நோக்கி அதீஃப் கையை நீட்டினான்.

“பஸ்” என்றான்.

ருக்சார் அவனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டி வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.