இரண்டும் இடது கை

வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்தால் மாலை ஜெபம் வரைக்கும் அண்ணி வாயைத் திறக்க மாட்டாள். ஆண்டவரிடம் செய்த பொருத்தனை. பரிசுத்தமாக வாழ ஆசைப்பட்டால் எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும்? அவள் தன் நாக்கிலிருந்து தொடங்கினாள். அங்கேதான் வேலை அதிகம்.

அவளுடைய தையல் கடையில் இரண்டு மிஷின். இன்னொன்றில் உட்காருவது அவள் நாத்தனார். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்தும் பொத்தான் கிடையாது. இத்தனை நாள் தைப்பது மட்டும்தான் அவள் வேலை. இன்றைக்குத்தான் முதல் முதலாகக் கத்திரியைக் கையில் கொடுத்திருந்தாள் அண்ணி. நாளைக்குக் கல்யாணம், மணப்பெண்ணின் தங்கைக்குப் பூப்போட்ட கவுன்.

"அண்ணி, நீங்க பேசாம இருந்தா வீடே எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா? அண்ணன்கூட காலைல பாட்டுப் பாடிட்டே குளிச்சாரு. வாரம் பூரா வெள்ளிக்கிழமையா இருந்தா நல்லாருக்கும்."

அண்ணிக்குச் சுருக்கென்றது. பொருத்தனை தடுத்ததால் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள்.

துணி குறைவு. மடித்துப் போட்டு கவுனின் இரண்டு கையையும் சேர்த்து வெட்ட வழியில்லை. ஒன்றை வெட்டிவிட்டு, காகித அளவைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். ரேடியோ பேசிக்கொண்டே திருப்பாமல் வைத்தாள். அண்ணி பார்த்துவிட்டாள். வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. பொருத்தனை ஆச்சே என்று மூடிக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, மூடும்போது உள்ளே கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. படட்டும், வாய் ரொம்பத்தான் நீளம்.

கத்திரி சரசரவென்று ஓடி முடிந்தது.

வெட்டிய கைகளைக் கவுனின் உடம்போடு வைத்துப் பார்த்ததும் ரேடியோ நின்றுபோனாள். இரண்டும் இடது கை.

"எனக்கு இதெல்லாம் வராது அண்ணி. இனிமே கத்திரியத் தொடவே மாட்டேன். காஜா எடுக்குறேன், பட்டன் தைக்கிறேன், அது போதும்." கத்திரியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். வெயில் இன்னும் சாயவில்லை. இப்படியே பேசாமல் இருந்துவிட்டால் பொருத்தனை பத்திரம், இவள் பார்வையில் தன் மரியாதையும் பத்திரம். ஆனால் இந்த வாயை மூடிக்கொண்டு மாலையில் எந்த முகத்தோடு முழங்கால் போடுவது?

"நான் பாத்தேன்டி," என்றாள்.

ரேடியோ திடுக்கிட்டாள். "ஐயோ அண்ணி, பொருத்தனை!"

"போகட்டும். நீ தப்பா வெக்கிறத நான் பாத்துட்டுதான் இருந்தேன். காலைல நீ பேசின பேச்சுக்கு நல்லா படட்டும்னு விட்டுட்டேன். உன் கைல கோளாறு இல்ல. என் மனசுலதான் கோளாறு. மன்னிச்சுக்கோ."

ரேடியோ மூக்கை உறிஞ்சினாள். "பாவி அண்ணி. ஒரு செருமல் செருமியிருக்கலாம்ல? செருமினா பொருத்தனை கெட்டுடுமா?"

"தோணலடி."

"எப்படித் தோணும்? கோவத்துல தொண்டை அடைச்சிருக்கும்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணிக்கும்.

இடுப்பில் கட்டும் நாடாவுக்காக எடுத்து வைத்த துண்டு ஒன்று பாக்கி. ஒரு கைக்குத்தான் சரியாக வரும். நாடாவுக்கு வேறு சாட்டின் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதுவும் போனால் கவுன் கிடையாது. மாலையில் பெண்ணின் அம்மா வந்து நிற்பாள்.

அண்ணி துண்டை விரித்தாள். கத்திரியை எடுத்து, பிடியை நாத்தனார் பக்கம் நீட்டினாள்.

"நானா? விளையாடாதீங்க அண்ணி. நீங்களே வெட்டுங்க."

"நீதான் வெட்டுற. அளவத் திருப்பிப் போடு. ம்... இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. அவ்ளோதான், வெட்டு. நான் பேசிட்டேதான் இருப்பேன்."

"பேசுங்க," என்றாள் ரேடியோ. வெட்டி முடிக்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.